கரைப்பான் நொதித்தலை ஒளிர்சாயங்களால் கண்காணித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்ளோஸ்ட்ரிடியம் இனப் பாக்டீரியாக்கள் சர்க்கரையிலிருந்து அசிட்டோன், பியூட்டனால், எத்தனால் ஆகிய மூன்றையும் உண்டாக்கும் நொதித்தலை ஆய்வுக்கூடத்தில் நடத்தத் தொடங்கும் மாணவர்களும் ஆய்வாளர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. நொதிகலத்துக்குள் இருக்கும் செல்கள் எந்த நிலையில் உள்ளன என்பதை ஒளிர்சாயங்கள் வழியாக எப்படி அறிவது, அப்படி அறிந்ததை எவ்வளவு தூரம் நம்புவது என்பவையே இப்பக்கத்தின் பொருள்.

கரைப்பான் நொதித்தல் என்பது என்ன?

ஆக்சிஜன் இல்லாத சூழலில் சில க்ளோஸ்ட்ரிடியங்கள் குளுக்கோஸ், மாவுப்பொருள் போன்றவற்றைச் சிதைத்து முதலில் அசிட்டிக் அமிலத்தையும் பியூட்டிரிக் அமிலத்தையும், பின்னர் அசிட்டோன், பியூட்டனால், எத்தனால் ஆகிய கரைப்பான்களையும் உண்டாக்குகின்றன. இம்மூன்றும் எடை அளவில் ஏறத்தாழ 3:6:1 என்ற விகிதத்தில் கிடைப்பதும், மொத்தக் கரைப்பான் லிட்டருக்கு 20 கிராம் அளவில் நின்றுவிடுவதும் வழக்கம். பாக்டீரியா பியூட்டனாலை உண்டாக்குவதை 1861-இல் லூயி பாஸ்டர் குறிப்பிட்டார். முதல் உலகப் போரின்போது கார்டைட் வெடிமருந்துக்கு அசிட்டோன் பெருமளவில் தேவைப்பட்டதால், மான்செஸ்டரில் பணியாற்றிய சைம் வைஸ்மேனின் முறை பெருந்தொழிலாக வளர்ந்தது. அமெரிக்காவின் டெர் ஹோட் நகரிலும் தென் ஆப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டனிலும் பெரிய ஆலைகள் இயங்கின. பெட்ரோலிய வேதிப்பொருள்கள் மலிவானபின் இத்தொழில் பெரும்பாலும் நின்றுபோனது. ஜெர்மிஸ்டன் ஆலை 1980-களின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தது. இன்று பியூட்டனாலை எரிபொருளாகவும் புதுப்பிக்கத்தக்க மூலப்பொருளாகவும் பார்ப்பவர்கள் இந்தப் பாக்டீரியாக்களை மறுபடியும் ஆராய்ந்து வருகிறார்கள்.

ஒரு தொகுதி நொதித்தலில் செல்கள் என்னென்ன மாற்றங்களை அடைகின்றன?

இந்த ஒரு கேள்விக்கான விடை தெளிவாக மனத்தில் இருந்தால்தான் சாயங்கள் காட்டுவதைப் படிக்க முடியும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் செல்கள் மெலிந்த, நன்றாக நகரும் கோல்வடிவச் செல்களாக இருந்து வேகமாகப் பெருகுகின்றன. அப்போது அவை அமிலங்களை வெளியிடுவதால் ஊடகத்தின் பி.எச். 6-க்கு மேலிருந்து 5-க்கு அருகிலோ அதற்குக் கீழோ இறங்குகிறது. அமிலங்கள் ஓர் எல்லையை எட்டியதும் செல்கள் தம் வளர்சிதைமாற்றத்தின் திசையை மாற்றிக்கொண்டு, தாமே வெளியிட்ட அமிலங்களில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே இழுத்து, அவற்றைக் கரைப்பான்களாக மாற்றுகின்றன, இதனால் பி.எச். சற்றே உயர்கிறது. அனுபவமுள்ளவர்கள் முதலில் பார்ப்பது இந்தத் திருப்பத்தைத்தான். இதே காலத்தில் செல்கள் பருத்து, ஸ்டார்ச்சை ஒத்த கிரானுலோஸ் என்னும் சேமிப்புப் பொருளை நிரப்பிக்கொண்டு, சுருட்டு போன்ற வடிவம் பெறுகின்றன. பின்னர் அவற்றுள் ஒரு பகுதி, கடும் சூழலையும் தாங்கும் உறங்குநிலை வடிவங்களான அகவித்துகளை உருவாக்குகிறது. கரைப்பான் உற்பத்தியையும் வித்தாக்கத்தையும் ஸ்போ-0-ஏ என்னும் ஒரே ஒழுங்குபடுத்தும் புரதம் தூண்டுவதால், இவ்விரண்டும் பல இனவகைகளில் பின்னிப் பிணைந்தே நடக்கின்றன.

பியூட்டனால் செல் சவ்வுக்குள் நுழைந்து அதன் கொழுப்புப் படலத்தைத் தளர்த்திவிடுகிறது. லிட்டருக்கு 12 அல்லது 13 கிராம் பியூட்டனால் சேரும்போது பெரும்பாலான இனவகைகளில் நொதித்தல் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அந்தக் கட்டத்தில் நொதிகலத்தில் உயிர்ப்புடன் இயங்கும் செல்கள், சவ்வு சேதமடைந்தவை, சிதைந்து கரைந்தவை, வித்தைச் சுமப்பவை, தனித்து மிதக்கும் வித்துகள் ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் கலந்து கிடக்கும். செல்தொகை ஒருபோதும் ஒரே சீராக இருப்பதில்லை என்பதே இந்த நொதித்தலின் அடிப்படை உண்மை.

ஒளியடர்த்தி அளவீடும் தட்டு வளர்ப்பும் இருக்கும்போது சாயங்கள் எதற்காக?

ஒளியடர்த்தி, உயிருள்ள செல்லையும் செத்த செல்லையும் வித்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. செல்கள் பருப்பதாலும் கிரானுலோஸ் சேர்வதாலும் அந்த எண் மாறும். செல்கள் கரைந்துபோவதாலும் குறையும். ஆகவே அது கலங்கலின் அளவே தவிர செல்களின் நலத்தின் அளவு அன்று.

தட்டு வளர்ப்பின் குறை வேறு வகையானது. இந்த உயிரிகளைக் காற்றில்லா அறைக்குள் வைத்து வளர்த்து, குழுமங்கள் தோன்ற ஒன்று அல்லது இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். தொகுதி நொதித்தலே பொதுவாக இரண்டு அல்லது மூன்று நாளில் முடிந்துவிடுவதால், எண்ணிக்கை கைக்கு வரும்போது அதைக் கொண்டு செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. மேலும், சங்கிலியாக ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கைந்து செல்கள் ஒரே குழுமமாகவே எண்ணப்படும். பிளவுபட முடியாத நிலையிலிருந்தும் கரைப்பானை உண்டாக்கிக்கொண்டிருக்கும் செல் எண்ணிக்கையில் சேரவே சேராது. இக்கடைசிக் காரணத்தை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன், ஏனெனில் இங்கே உற்பத்தியின் பெரும்பகுதி வளர்ச்சி ஓய்ந்த பிறகுதான் நடக்கிறது.

சாயமேற்றிய மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் விடை தருகிறது. கூடுதலாக ஊட்டுவதா, பியூட்டனாலை வாயு செலுத்தி வெளியேற்றத் தொடங்குவதா, பெரிய கலத்தைத் தொடங்க முன்கூட்டியே வளர்த்த விதைவளர்ப்பை அடுத்த கலத்துக்கு மாற்றுவதா போன்ற முடிவுகளை எடுக்க அந்த நேரம் போதுமானது.

எந்தச் சாயங்கள் அதிகம் பயன்படுகின்றன, அவை எதைக் காட்டுகின்றன?

முதலாவது ப்ரோபிடியம் அயோடைடு; இனி இதைப் பி.ஐ. என்றே குறிப்பிடுவோம். இது முழுமையான சவ்வைக் கடந்து செல்ல இயலாத, நேர்மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு. சவ்வு சேதமடைந்திருந்தால் உள்ளே சென்று டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டுடனும் பிணைந்து, பிணையாத நிலையைவிட 20 முதல் 30 மடங்கு பிரகாசமாகச் சிவப்பில் ஒளிர்கிறது. செல்களை ஒவ்வொன்றாக லேசரைக் கடக்கவிட்டு அவற்றின் ஒளிர்வை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர்களில் பரவலாக உள்ள 488 நானோமீட்டர் நீல லேசரால் இதைத் தூண்டலாம். உமிழ்வு 617 நானோமீட்டரை ஒட்டி உச்சம் பெறும்.

இரண்டாவது கார்பாக்ஸிஃப்ளோரசீன் டைஅசிட்டேட், சுருக்கமாக சி.எஃப்.டி.ஏ. இது தானாக ஒளிராது. சவ்வைக் கடந்து செல்லுக்குள் சென்றபின், அங்குள்ள எஸ்டரேஸ் நொதிகள் இதன் அசிட்டேட் பகுதிகளை வெட்டி நீக்கும்போது உருவாகும் கார்பாக்ஸிஃப்ளோரசீன் 517 நானோமீட்டரை ஒட்டிப் பச்சையாக ஒளிர்கிறது. ஆகவே பச்சை தெரிய இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: நொதி இயங்க வேண்டும், உருவான ஒளிர்பொருள் கசியாதபடி சவ்வு அதைத் தடுத்துவைக்க வேண்டும். பி.ஐ. சவ்வை மட்டும் கேட்கிறது, சி.எஃப்.டி.ஏ. சவ்வையும் நொதியையும் சேர்த்துக் கேட்கிறது. இந்த இணையை நான் விரும்புவதற்கு அதுவே காரணம்.

சிட்டோ-9 என்னும் சாயத்தைப் பி.ஐ.-யுடன் கலந்து தயார்நிலையில் விற்கும் உயிர்–இறப்புத் தொகுப்புகளும் பரவலாக உண்டு. சிட்டோ-9 எல்லாச் செல்களுக்குள்ளும் நுழையும். சவ்வு சேதமடைந்த செல்லில் பி.ஐ. அதன் ஒளிர்வை அடக்கிவிடும். எல்லாச் செல்களும் ஏதேனும் ஒரு நிறத்தில் தெரிவதால் மொத்த எண்ணிக்கை எளிதாகக் கிடைப்பது இதன் நன்மை. நொதிச் செயல்பாட்டைப் பற்றி இது எதுவும் சொல்லாது என்பது குறை.

பிராக் நகரிலுள்ள வேதியியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் என்.ஆர்.ஆர்.எல். பி-598 என்னும் இனவகையைக் கொண்டு இத்துறையில் தொடர்ந்து பணியாற்றியுள்ளனர், பி.ஐ.–சி.எஃப்.டி.ஏ. இணையைக் கரைப்பான் நொதித்தலுக்கு ஏற்றபடி அமைத்ததில் அவர்களின் பங்கு பெரிது. அந்த இனவகை முதலில் க்ளோஸ்ட்ரிடியம் பாஸ்டூரியானம் என்று அழைக்கப்பட்டு, பின்னர் க்ளோஸ்ட்ரிடியம் பெயிஜெரிங்கியை எனத் திருத்தி வகைப்படுத்தப்பட்டது. பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் இரு பெயர்களும் ஒரே உயிரியைக் குறிப்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே செல் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிர்ந்தால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

உடனே எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. இரட்டை ஒளிர்வுக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். சவ்வு ஓரளவு சேதமடைந்தும் நொதிகள் இன்னும் இயங்கும் செல்லாக இருக்கலாம்; பியூட்டனால் மிகும் நேரத்தில் இத்தகையவை கூடுவது இயல்பு. வித்தாக்கத்தில் ஈடுபட்டிருக்கும் செல்லாகவும் இருக்கலாம். தாய்ச்செல்லின் சவ்வு தளரும்போது இரு சாயங்களும் அதனுள் தங்கக்கூடும். மூன்றாவது காரணம் உயிரியலே அன்று: உயிருள்ள ஒரு செல்லும் செத்த ஒரு செல்லும் ஒட்டியபடி லேசரைக் கடந்தால் கருவி அவற்றை ஒரே நிகழ்வாகப் பதிவு செய்யும். க்ளோஸ்ட்ரிடியங்கள் இளம் பருவத்தில் சங்கிலியாக நிற்கும் இயல்புடையவை என்பதால் இந்தப் பிழை இங்கே சிறியதன்று. எனவே இரட்டை ஒளிர்வுப் பகுதி பத்தில் ஒரு பங்கைத் தாண்டும்போதெல்லாம் அதே மாதிரியில் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும். முடிவுகளை எழுதும்போது இந்தப் பகுதியைத் தனியாகக் காட்டுவதே நேர்மை. உயிருள்ளவற்றோடு சேர்த்து விழுக்காட்டை உயர்த்துவதும் தவறு, இறந்தவற்றோடு சேர்த்துத் தாழ்த்துவதும் தவறு.

ஒளிரும் கிராம் சாயமேற்றல் என்று கேள்விப்படுகிறோம். அது இங்கே எதற்குப் பயன்படும்?

1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வகுத்த சாயமேற்றலைப் பாக்டீரியாக்களை வகைப்படுத்தவே நாம் கற்கிறோம். க்ளோஸ்ட்ரிடியங்கள் கிராம் நேர் வகையைச் சேர்ந்தவை என்றாலும், வளர்ச்சி ஓயும்போது அவற்றின் செல் சுவர் மெலிவதால், முதிர்ந்த செல்கள் கிராம் எதிர் போலத் தோன்றுகின்றன. பாடநூல்கள் இதை ஒரு தொல்லையாகக் குறிப்பிடும். கண்காணிப்பவருக்கோ இது ஒரு நல்வாய்ப்பு.

ஹெக்ஸிடியம் அயோடைடு, சிட்டோ-13 என்னும் இரு சாயங்களை ஒன்றாகச் சேர்த்தால், அமிலம் உண்டாக்கும் இளஞ்செல்கள் செம்மஞ்சளாக ஒளிர்கின்றன. கரைப்பான் நிலைக்கு மாறியவற்றில் பச்சை மேலோங்குகிறது. செல்தொகையில் எத்தனை பங்கு திரும்பிவிட்டது என்பதை நிறம் வழியாகவே மதிப்பிட இது உதவுகிறது. ஆயினும் நிறம் மாறுவதற்கு உடனடிக் காரணம் செல் சுவரின் மாற்றமே; கரைப்பான் உற்பத்தி அதனுடன் சேர்ந்து வருவது மட்டுமே. ஊடகத்தை மாற்றினாலோ வேறு இனவகையை எடுத்தாலோ இந்தச் சேர்க்கை தளரக்கூடும் என்பதால், ஒவ்வோர் இனவகைக்கும் ஒருமுறையாவது, கரைப்பான்களின் அளவைக் காட்டும் வாயு நிறப்பகுப்பு (gas chromatography) அளவீடுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இம்முறையைத் தனியாக நம்ப வேண்டும்.

வித்துகள் ஏன் எந்தச் சாயத்திலும் தெரிவதில்லை?

முதிர்ந்த வித்தின் உறைகள் பி.ஐ.-யையும் உள்ளே விடுவதில்லை, சி.எஃப்.டி.ஏ.-யும் அதனுள் பயன்தரும் அளவில் மாற்றமடைவதில்லை. ஆகவே வித்துகள் பெரும்பாலும் ஒளிராத நிகழ்வுகளாகவே பதிவாகும். ஒளிராத எதையும் கழிவுத்துகள் என்று கருதி நீக்கிவிடுவோர், தொகுதியின் இறுதியில் செல்தொகையின் பெரும்பகுதியையே தொலைத்துவிட வாய்ப்புண்டு. ஒளிச்சிதறல் அளவுகளைக் கொண்டு அவற்றை ஓரளவு பிரிக்கலாம். நிலைமுரண் (phase contrast) நுண்ணோக்கியிலோ வித்துகள் தெளிவாக மின்னும். அந்தப் பார்வைக்கு இணையான எளிய சோதனை வேறில்லை.

வித்து முளைக்கத் தொடங்கியதும் உறைகள் தளர்ந்து சாயங்கள் உள்ளே போகும். வித்துத் திரவத்தைச் சூடாக்கி விதைவளர்ப்பைத் தொடங்குபவர்கள் முளைத்தலின் வேகத்தை இதைக்கொண்டு பின்தொடரலாம்.

மாதிரி எடுப்பதிலும் சாயமேற்றுவதிலும் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

நொதிகலத்திலிருந்து ஒன்று அல்லது இரண்டு மில்லிலிட்டர் எடுத்து, மென்மையாக மையவிலக்கி, பி.எச். 7.2 அளவிலுள்ள பாஸ்பேட் தாங்கற்கரைசலில் கழுவி, 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.1 முதல் 0.4 வரை வரும்படி நீர்க்க வேண்டும். கழுவாமல் சாயமேற்றுவது வேலையைக் குறைப்பதாகத் தோன்றினாலும் இந்த நொதித்தலுக்கு அது ஒத்துவராது. ஏனெனில் கார்பாக்ஸிஃப்ளோரசீனின் ஒளிர்வு பி.எச்.-ஐப் பெரிதும் சார்ந்தது, ஏறத்தாழ 6.4-க்குக் கீழே இறங்க இறங்க அது மங்கிவிடும். அமில நிலையில் ஊடகம் 5-ஐ ஒட்டியும், செல்லின் உட்புறம் அதைவிட ஏறக்குறைய ஓர் அலகு மட்டுமே உயர்ந்தும் இருப்பதால், நன்றாக இயங்கும் செல்கள்கூட மங்கலாகத் தெரிந்து, செல்கள் நலிந்துவிட்டன என்ற பொய்யான முடிவுக்கு நம்மை இட்டுச் செல்லும். மறுபுறம், வேகமாக மையவிலக்கினால் ஏற்கெனவே தளர்ந்த செல்கள் உடைந்து கணக்கிலிருந்தே மறைந்துவிடும். எனவே எந்த வேகம், எத்தனை நிமிடம் என்று ஒன்றைத் தேர்ந்தபின் தொகுதி முழுவதும் அதை மாற்றாமல் வைத்திருப்பது அவசியம்.

சி.எஃப்.டி.ஏ.-வை முதலில் சேர்த்து 37 பாகையில் 15 முதல் 30 நிமிடம் இருட்டில் வைத்து, பி.ஐ.-யைக் கடைசிச் சில நிமிடங்களில் சேர்ப்பது நல்ல பழக்கம். நொதி வினைக்குக் காலமும் வெப்பமும் தேவை, டி.என்.ஏ.-யுடன் பிணைவதற்கு அவ்வளவு தேவையில்லை. சாயச் செறிவை மற்றவர்களின் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மூன்று நான்கு செறிவுகளில் தம் இனவகைக்கே ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். மிகையான பி.ஐ. முழுமையான சவ்வுள்ள செல்களையும் மெல்லிய சிவப்பாக்கும், குறைவான பி.ஐ. செத்த செல்கள் அனைத்தையும் எட்டாது.

மாதிரி காற்றைச் சந்திப்பதைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். இந்த உயிரிகள் ஆக்சிஜனில் வளராவிட்டாலும் குறுகிய நேரம் பட்டவுடன் இறந்துவிடுவதில்லை. சவ்வின் முழுமையையும் எஸ்டரேஸ் செயலையும் மட்டும் அளப்பதானால், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டால் போதும். சவ்வு மின்னழுத்தத்தை அளக்கும் சாயங்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. பிஸ்-ஆக்சனால் போன்றவை மின்னழுத்தம் குலைந்த செல்களுக்குள் நுழைந்து ஒளிர்பவை. ஆக்சிஜனும் குளிர்ச்சியும் சர்க்கரையற்ற தாங்கற்கரைசலும் அந்த மின்னழுத்தத்தைத் தாமே மாற்றிவிடும் என்பதால், அவற்றைப் பயன்படுத்துவோர் ஆக்சிஜன் நீக்கிய கரைசல்களில் மிக விரைவாக வேலை செய்தாக வேண்டும்.

கட்டுப்பாட்டு மாதிரிகளை எப்படித் தயாரிப்பது?

வேகமாக வளரும் இளஞ்செல்களை உயிருள்ள மாதிரியாகவும், அவற்றையே 70 விழுக்காடு ஐசோப்ரோப்பனாலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்துக் கழுவியவற்றை இறந்த மாதிரியாகவும் கொள்ளலாம். சூடாக்கிக் கொல்லும் வழக்கத்தை இங்கே தவிர்ப்பது நல்லது. 80 பாகையில் பத்து நிமிடம் வைப்பது வளர்செல்களைக் கொல்லும். ஆனால் வித்துகளைக் கொல்லாது, மாறாக அவற்றை முளைக்கத் தூண்டும். வித்துகள் கலந்த வளர்ப்பைச் சூடாக்கி அதை முழுவதும் இறந்த மாதிரி என்று எடுத்துக்கொண்டால் எல்லைக்கோடுகள் தொடக்கத்திலேயே பிழையாகிவிடும்.

சாயமே சேர்க்காத மாதிரி, ஒரு சாயம் மட்டும் சேர்த்த மாதிரிகள், செல் இல்லாத ஊடகம் ஆகியவையும் ஒவ்வொரு நாளும் ஓட்டப்பட வேண்டும். இரு சாயங்களின் நிறமாலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிவதைத் திருத்த இவையில்லாமல் முடியாது. உயிருள்ளதையும் இறந்ததையும் 0, 25, 50, 75, 100 விழுக்காடு எனக் கலந்து, அளந்த மதிப்பு கலந்த விகிதத்துடன் நேர்கோட்டில் வருகிறதா என்று பார்ப்பது முறையைச் சரிபார்க்கும் எளிய வழி.

ஃப்ளோ சைட்டோமீட்டர் இல்லாத ஆய்வுக்கூடங்கள் என்ன செய்யலாம்?

ஒளிர்வு நுண்ணோக்கி போதும்; ஆனால் எண்ணிக்கையின் நிச்சயமின்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 300 செல்களை எண்ணி அவற்றில் 20 விழுக்காடு சிவப்பு என்று கண்டால், உண்மை மதிப்பு ஏறத்தாழ 15.5-க்கும் 24.5-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். சைட்டோமீட்டரில் 10,000 நிகழ்வுகளைப் பதிவு செய்தால் அதே 20 விழுக்காட்டின் தடுமாற்றம் கூட்டியும் குறைத்தும் 0.8 அளவுக்குச் சுருங்கிவிடும். எனவே நுண்ணோக்கியை மட்டும் வைத்திருப்பவர்கள் 18-க்கும் 22-க்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பொருள் கற்பிக்கக் கூடாது. 20-லிருந்து 50-க்கு உயர்வதை அவர்கள் தாராளமாக நம்பலாம், நொதிகலத்தை நடத்துவதற்கு அதுவே பெரும்பாலும் தேவை. செல்லின் வடிவத்தையும் வித்தின் இருப்பிடத்தையும் சங்கிலிகளையும் நேரில் காட்டுவதில் நுண்ணோக்கிக்கு நிகர் இல்லை என்பதால், சைட்டோமீட்டர் உள்ளவர்களும் அதைக் கைவிடக் கூடாது.

இயல்பாக நடக்கும் ஒரு தொகுதியில் சாயங்கள் எத்தகைய போக்கைக் காட்டும்?

அமில நிலையில் பெரும்பாலான செல்கள் பிரகாசமான பச்சையில் நெருக்கமான ஒரே கூட்டமாகத் தெரியும். பி.எச். திரும்பும் நேரத்தில் அந்தக் கூட்டம் அகன்று, பச்சையின் செறிவு செல்லுக்குச் செல் வேறுபடத் தொடங்கும். பருத்த செல்களால் ஒளிச்சிதறலும் கூடும். பியூட்டனால் சேரச் சேரச் சிவப்பும் இரட்டை ஒளிர்வும் வளரும். வித்தாக்கும் இனவகையானால் இறுதியில் ஒளிராத பகுதி தடிக்கும். கரைப்பான் உற்பத்தி உச்சத்தில் இருக்கும்போதே சிவப்பு கணிசமாக இருப்பது அசாதாரணமன்று. அதைக் கண்டு தொகுதியை நிறுத்திவிடுவது அவசரமான முடிவு.

தொடக்கக் கட்டத்தில் தெரியும் சிறிதளவு சிவப்பும் குழப்பம் தரலாம். வேகமாக வளரும் சில பாக்டீரியாக்கள் சவ்வு முழுமையாக இருக்கும்போதே பி.ஐ.-யை ஓரளவு ஏற்பது பிற இனங்களில் காட்டப்பட்டுள்ளது. அதனால் முதல் மாதிரியின் சிவப்பு விழுக்காட்டை அடிநிலையாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஏற்படும் மாற்றத்தைப் படிப்பது பாதுகாப்பானது.

செல்கள் எல்லாம் பச்சையாகத் தெரிகின்றன, பியூட்டனால் மட்டும் உருவாகவில்லை. சாயம் பொய் சொல்கிறதா?

சாயம் தன்னிடம் கேட்கப்பட்டதற்குச் சரியாகவே விடை சொல்கிறது. சவ்வு முழுமையாக உள்ளது, எஸ்டரேஸ் இயங்குகிறது என்பதற்கு மேல் பச்சைக்குப் பொருள் இல்லை. க்ளோஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிகத்தின் ஏ.டி.சி.சி. 824 இனவகையில், கரைப்பான் உண்டாக்கும் முக்கிய மரபணுக்கள் குரோமோசோமில் இல்லை. பி-சால்-1 என்னும், ஏறத்தாழ 1,92,000 கார இணைகள் நீளமுள்ள பெரிய பிளாஸ்மிட்டில், அதாவது குரோமோசோமுக்கு வெளியேயுள்ள தனி டி.என்.ஏ. வளையத்தில், இருக்கின்றன. வளர்ப்பை மீண்டும் மீண்டும் புதிய ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே போனால் இந்தப் பிளாஸ்மிட்டை இழந்த செல்கள் பெருகிவிடும். அவற்றால் அமிலம் மட்டுமே உண்டாக்க முடியும். கரைப்பானும் வராது, வித்தும் வராது. பியூட்டனாலின் நஞ்சு அவற்றைத் தாக்காததால் அவை நல்ல உற்பத்தித் தொகுதியின் செல்களைவிடக்கூட நலமாகச் சாயத்தில் தெரியலாம். க்ளோஸ்ட்ரிடியம் பெயிஜெரிங்கியையில் இந்த மரபணுக்கள் குரோமோசோமிலேயே உள்ளன; ஆயினும் அதுவும் வேறு காரணங்களால் சீரழிவுக்கு ஆளாகிறது.

சாய முடிவை எப்போதும் பி.எச். வளைவோடும் வாயு வெளியேற்றத்தோடும் நிறப்பகுப்பு அளவீடுகளோடும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பச்சை மாறாமல் இருந்து, பி.எச். இறங்கியது திரும்பாமல், பருத்த செல்களும் வித்துகளும் தென்படாமல் இருந்தால் சீரழிவை ஐயுற்று, பழைய வித்து இருப்பிலிருந்து வளர்ப்பைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

திடீரென்று பெரும்பகுதி சிவப்பாக மாறினால்?

பியூட்டனால் குறைவாக இருக்கும்போதே இது நேர்ந்தால் இரண்டு காரணங்களை முதலில் ஆராய வேண்டும். ஒன்று அமில முறிவு: கரைப்பான் நிலைக்குத் திரும்பும் முன்பே, அயனியாகாத அமிலங்களின் செறிவு லிட்டருக்கு 57 முதல் 60 மில்லிமோல் அளவைத் தாண்டிவிட்டால் நொதித்தல் முழுவதும் நின்றுபோகும். வளர்ச்சி மிக வேகமாக இருக்கும் தொகுதிகளில், பி.எச். கட்டுப்படுத்தப்படாதபோது இது நேர்கிறது. மற்றொன்று, பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களான பாக்டீரியோஃபேஜ்களின் (சுருக்கமாக ஃபேஜ்) தொற்று. 1920-களில் டெர் ஹோட் ஆலையின் உற்பத்தியை ஃபேஜ்கள் பெரிதும் பாதித்தன. தொழிலகங்களில் இத்தொல்லை பிற்காலத்திலும் திரும்பத் திரும்ப வந்தது. அமில முறிவில் ஒளியடர்த்தி பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஃபேஜ் தொற்றில் செல்கள் வெடித்துச் சிதைவதால் ஒளியடர்த்தி விழும், ஊடகம் வெளியேறிய டி.என்.ஏ.-வால் பிசுபிசுப்பாகவும் மாறலாம், மொத்த நிகழ்வுகளின் எண்ணிக்கையும் குறையும். விழுக்காட்டை மட்டும் எழுதி மொத்த எண்ணிக்கையை எழுதாமல் விடுபவர்களுக்கு இந்த வேறுபாடு புலப்படாது. சிதைந்த செல் எந்த நிறத்திலும் வராது.

பிற பாக்டீரியாக்கள் கலந்துவிட்டதைச் சாயங்கள் காட்டுமா?

நேரடியாகக் காட்டாது. அடிக்கடி நுழையும் லாக்டோபேசில்லஸ் வகைகளும் கிராம் நேர் வகையே. அவையும் பச்சையாகவே ஒளிரும். ஒளிச்சிதறலில் சிறிய செல்களின் தனிக்கூட்டம் தோன்றுவது ஒரு குறிப்பு. நுண்ணோக்கியும் லாக்டிக் அமில அளவீடும் அதை உறுதிசெய்யும்.

வைக்கோல் போன்ற மூலப்பொருளின் சர்க்கரைக் கரைசலில் பின்னணி ஒளிர்வு மிகுதியாக உள்ளது. என்ன செய்வது?

லிக்னின் துகள்கள் தாமாகவே பச்சைப் பகுதியில் ஒளிர்வதால் அவை உயிருள்ள செல்களாக எண்ணப்படும் அபாயம் உண்டு. நொதிகலத்தில் இடுவதற்கு முன் கரைசலை நன்றாக வடிகட்டுவதும், சாயமற்ற மாதிரியை ஒவ்வொரு முறையும் ஓட்டி அந்தத் துகள்கள் விழும் பகுதியை வரைபடத்தில் அடையாளமிட்டு விலக்குவதும் உதவும். துகள்கள் மிகுதியான சோள மாவுக் கூழில் சைட்டோமீட்டரைப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. கருவியின் குழாய் அடைபடும், கிடைக்கும் எண்ணும் நம்பத்தக்கதாக இராது.

பச்சை ஒளிர்புரதத்தை மரபணு வழியாகப் புகுத்திவிட்டால் சாயமே தேவையில்லையே?

ஜி.எஃப்.பி. என்னும் அந்தப் புரதம் ஒளிரும் நிலையை அடைய ஆக்சிஜன் வேண்டும். முழுக்கக் காற்றில்லா நொதிகலத்தில் அது உருவானாலும் ஒளிராது. வெளியிலிருந்து சேர்க்கும் சிறிய மூலக்கூறுடன் பிணைந்து ஆக்சிஜன் இன்றியே ஒளிரும் ஃபாஸ்ட் போன்ற புரதக் குறிகள் க்ளோஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிகத்தில் செயல்படுவது காட்டப்பட்டுள்ளது. எந்த மரபணு எப்போது இயங்குகிறது என்று அறிய அவை மிகச் சிறந்தவை. ஆனால் மரபணு மாற்றம் செய்யாத உற்பத்தி இனவகையை அன்றாடம் கண்காணிக்கச் சாயமே நடைமுறைக்கு ஏற்றது.

எவ்வளவு இடைவெளியில் மாதிரி எடுக்க வேண்டும்?

பி.எச். திரும்பும் காலத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறையும் மற்ற நேரங்களில் நான்கு முதல் ஆறு மணிக்கு ஒருமுறையும் எடுத்தால் போதும். விதைவளர்ப்பை மாற்றுவதற்கு முன் ஒரு மாதிரி கட்டாயம். அங்கே காணும் சிவப்பு விழுக்காடு முழுத் தொகுதியின் தாமதத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடும்.

இந்தச் சாயங்களைக் கையாளுவதில் அபாயம் உண்டா?

பி.ஐ. டி.என்.ஏ.-யுடன் பிணைவது என்பதால் மரபணு மாற்றத்தைத் தூண்டக்கூடிய பொருளாகவே கருதிக் கையுறையுடன் கையாள வேண்டும். சி.எஃப்.டி.ஏ. கரைக்கப்படும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு தோலைக் கடந்து செல்லும் இயல்புடையது. தன்னுடன் கரைந்திருக்கும் பொருளையும் அது உள்ளே கொண்டுபோகும் என்பதால் சிந்தியவுடன் கையுறையை மாற்றிவிட வேண்டும். சாயக் கழிவைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கலனில் சேர்த்து, நிறுவனத்தின் வேதிக்கழிவு ஏற்பாட்டின் வழியாகவே அகற்ற வேண்டும். இரு சாயங்களின் இருப்புக் கரைசல்களையும் ஒளிபடாமல் வைக்க வேண்டும், சி.எஃப்.டி.ஏ. ஈரம் பட்டால் தானாகவே சிதைந்து பின்னணி ஒளிர்வைக் கூட்டும் என்பதால், சிறு சிறு பங்குகளாகப் பிரித்து உறைநிலையில் வைத்து, ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்காமல் பயன்படுத்த வேண்டும்.